திருவானைக்காவலின் நள்ளிரவு 12 மணிக்கு இல்லை, தெரியுமா?

தீபாவளியன்று விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோமே, அந்தத் திதி எது தெரியுமா? ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசி! மாத சிவராத்திரிக்கும் அதே திதிதான்! நாம் தீபாவளி லேகியமும் பட்சணமுமாகத் திரியும் அந்த நாளை ஒட்டிய இரவில், மாதம் தவறாமல் விரதம் இருப்பவர்கள் பட்டினியோடு கண் விழித்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்கு அது தெரியக்கூடத் தெரியாது!

மாசியில் வரும் மகா சிவராத்திரிதான் ஊரறிந்தது. ஆனால் சிவராத்திரி மொத்தம் ஐந்து வகை: நித்திய, பட்ச, மாத, யோக, மகா. இதில் மாத சிவராத்திரிதான் ஓசையில்லாமல் வந்து ஓசையில்லாமல் போவது. சரி, மாதத்துக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 12 தானே? இல்லை! ஓர் அமாவாசைக்கும் அடுத்த அமாவாசைக்கும் இடையே சுமார் 29½ நாள். பன்னிரண்டு சுற்று முடிந்தால் 354 நாள்தான் ஆகும். மீதி 11 நாள் சும்மா இருக்குமா? சில வருடங்களில் பதின்மூன்றாவது சிவராத்திரியைக் கொண்டுவந்து நிறுத்திவிடும்!

இன்னொரு கணக்கும் உண்டு. அதைக் கேட்டால் தலை சுற்றும். சில விரத நூல்களும் பஞ்சாங்கங்களும் ஒவ்வொரு தமிழ் மாதத்துக்கும் வேறு வேறு திதியைச் சொல்கின்றன. சித்திரைக்குத் தேய்பிறை அஷ்டமி, வைகாசிக்கு வளர்பிறை அஷ்டமி, ஆடிக்குத் தேய்பிறைப் பஞ்சமி... இப்படியே போகிறது பட்டியல். மாசிக்குத் தேய்பிறைச் சதுர்த்தசியேதான். எந்த முறையைப் பிடிப்பது என்று கேட்டால், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எதைப் பிடித்தார்களோ அதையே பிடியுங்கள் என்பேன். இந்தத் தகராறுக்குத் தீர்ப்புச் சொல்ல நான் யார்!

இனிதான் ஆச்சரியமே. சிவராத்திரியின் உச்சம் நள்ளிரவு. லிங்கோத்பவ காலம் என்று கோயில்களில் சொல்வது இதைத்தான். ஆனால் நள்ளிரவு என்றால் கடிகாரத்தில் 12 என்று நினைத்துவிடாதீர்கள்! சூரியன் மறைந்ததிலிருந்து மறுநாள் உதிக்கும் வரை உள்ள நேரத்தை 15 முகூர்த்தங்களாகப் பிரித்து, நடுவில் நிற்கும் எட்டாவது முகூர்த்தத்தை எடுக்க வேண்டும். அதுதான் நிசீத காலம், ஏறக்குறைய 48 நிமிடம். நம் கடிகாரம் ஓடுவது 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரப்படி. ஸ்ரீரங்கத்தோடு ஒரே தீவில் உள்ள சிவத்தலமான திருவானைக்காவல் இருப்பதோ 78.7 பாகையில்! பாகைக்கு நான்கு நிமிடம். ஆக, இங்கே வானம் கடிகாரத்துக்குக் கால் மணி நேரம் பிந்துகிறது. வானில் சூரியனின் ஓட்டம் வருடம் முழுக்க ஒரே சீராக இல்லாததால் அதிலும் ஏற்றக்குறைவு உண்டு. பிப்ரவரி நடுவில் இந்த ஊரின் உண்மையான நள்ளிரவு சுமார் 12.29! நவம்பர் தொடக்கத்தில் சுமார் 11.59! மாசியில் 12 மணி அடித்ததும் தீபாராதனை காட்டிவிட்டுப் படுக்கப் போகிறவர், நிசீத காலம் தொடங்கும் முன்பே தூங்கிவிடுகிறார்!

அன்றைய நிலவு? அது கிழக்கில் எழுவதே விடியலுக்குச் சற்று முன்புதான். அதுவும் நகக்கீற்று! அதுவரை நிலவே இல்லாத வானம்.

தீர்க்கரேகை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பஞ்சபூதத் தலங்கள் ஐந்தும் ஒரே நேர்கோட்டில் இருப்பதாக உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்குமே? காஞ்சிபுரம், காளஹஸ்தி, சிதம்பரம் மூன்றும் கிட்டத்தட்ட 79.7 பாகையில் இருப்பது உண்மை, அதுவே வியப்புதான்! ஆனால் திருவண்ணாமலை 79.1 பாகை அருகே, நம் திருவானைக்காவல் 78.7. கோடு இங்கே முறிந்துவிடுகிறது. அடுத்த முறை வந்தால் அனுப்பியவருக்கு அன்போடு சொல்லுங்கள். சிதம்பரத்தின் நள்ளிரவுக்கும் திருவானைக்காவலின் நள்ளிரவுக்கும் நான்கு நிமிட வித்தியாசம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்!

நேரத்தை நாழிகை பார்த்து எண்ணுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. இந்தக் கோயிலின் கதையே ஒரு நாழிகையில், அதாவது வெறும் 24 நிமிடத்தில் தொங்குகிறது! சோழ அரசி கமலவதிக்குப் பிரசவ நேரம். ஒரு நாழிகை கழித்துப் பிறந்தால் பிள்ளை மூவுலகும் ஆளும் என்றார்கள் சோதிடர்கள். அரசி என்ன செய்தாள் தெரியுமா? தன் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடச் சொன்னாள்! நாழிகை கடந்தது, குழந்தை பிறந்தது. காத்துக் கிடந்ததில் அதன் கண்கள் சிவந்துபோயிருந்தன. செங்கண்ணா என்று கூப்பிட்ட தாய் அப்போதே உயிரை விட்டாள். அந்தப் பிள்ளைதான் கோச்செங்கட் சோழன், அறுபத்து மூவரில் ஒருவர்! இவ்வளவையும் சேக்கிழார் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தச் சோழன் முற்பிறவியில் யார்? இதே தலத்துச் சிலந்தி! வெண்ணாவல் மரத்தடி லிங்கத்தின் மேல் சருகு விழாமல் இருக்க அது வலை பின்னும். யானை ஒன்று தும்பிக்கையில் நீர் கொண்டுவந்து திருமஞ்சனம் செய்யும். வலையைக் கண்டால் குப்பை என்று பிய்த்துப் போடும். கோபம் தாளாத சிலந்தி ஒருநாள் தும்பிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டும் மாண்டன. பக்தியில் சண்டை போட்டுச் செத்தவர்கள்! மறுபிறவியில் அரசனான சிலந்தி, யானை ஏற முடியாத மாடக்கோயில்களாகக் கட்டித் தள்ளியது. எத்தனை தெரியுமா? எழுபது! அந்தக் கணக்கைப் பாடி வைத்தவர் ஒரு வைணவர், திருமங்கையாழ்வார்!

இன்றைக்கும் ஜம்புகேசுவரர் சந்நிதி வாசல் தாழ்ந்தே இருக்கிறது. யானை என்ன, நாமே குனிந்துதான் போக வேண்டும். வெளியே நின்று ஒன்பது துளைகள் உள்ள கல் சாளரம் வழியாகப் பார்த்தால், தீப வெளிச்சத்தில் லிங்கம் தெரியும். லிங்கத்தின் அடியில் நீர் ஊறிக்கொண்டிருக்கும். பஞ்சபூதங்களில் இது நீர்த்தலம், அப்புலிங்கம்.

இங்கே அபிஷேகக் குடத்துக்கே ஒரு கதை உண்டு! காவிரியில் குளித்த சோழ மன்னன் ஒருவன் தன் முத்தாரத்தை ஆற்றில் தவறவிட்டான். சிவனே, நீயே எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். ஆரம் எங்கே போனது? திருமஞ்சனத்துக்கு ஆற்றில் முகந்த குடத்துக்குள்! அபிஷேகம் செய்யும்போது அது இறைவன் மேலேயே விழுந்தது. இதைச் சுந்தரர் தேவாரத்தில் பாடியிருக்கிறார். சிவராத்திரி இரவில் நான்கு யாமத்துக்கும் நான்கு அபிஷேகம் என்பது எல்லா ஊருக்கும் பொது. ஒரு யாமம் ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம். நீரே தெய்வமாக இருக்கும் ஊரில் அந்த அபிஷேகத்தைப் பார்ப்பது தனி!

பகலிலும் ஓர் அதிசயம் உண்டு. உச்சிக்காலத்தில் அர்ச்சகர் புடவை கட்டிக் கிரீடம் வைத்து, அகிலாண்டேசுவரியாகவே மேளதாளத்தோடு சுவாமி சந்நிதிக்கு வருவார். கோபூஜையும் நடக்கும். அம்பாளே சிவனைப் பூஜிக்கிறாள் என்பது பொருள். தினமும் நடக்கிறது! அவள் இங்கே மாணவி, சுவாமி குரு. அதனால் இந்தக் கோயிலில் திருக்கல்யாணமே கிடையாது!

இப்போது தீவைப் பாருங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஒரே தீவில் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். தேய்பிறை ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் பட்டினி. துவாதசிக்குப் பாரணை. திரயோதசிக்குப் பிரதோஷம், நந்திக்குக் கூட்டம். சதுர்த்தசிக்குச் சிவராத்திரி! நான்கே நாளில் பெருமாள் விரதமும் சிவன் விரதமும் வரிசை கட்டி வரும். இரண்டையும் விடாமல் பிடிக்கும் வீடுகளில் சமையல்காரருக்குத்தான் ஓய்வு!

வழியில் இரண்டு செய்தி. 2020 பிப்ரவரியில் மகா சிவராத்திரி முடிந்த சில நாளில், இந்தக் கோயில் வளாகத்தில் மண்ணைத் தோண்டியபோது ஒரு பாத்திரம் அகப்பட்டது. உள்ளே 505 தங்க நாணயங்கள், ஒன்றேமுக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு! இன்னொன்று: சர் சி.வி. ராமன் பிறந்த ஊர் இதுதான், 1888 நவம்பர் 7. நீர்த்தலத்தில் பிறந்தவர் 1921இல் கப்பலில் வரும்போது கடல் ஏன் நீலம் என்று யோசிக்கத் தொடங்கினார். அந்த யோசனையின் தொடர்ச்சிதான் 1930இல் நோபல் பரிசாக முடிந்தது!

விரதம் இருக்க நினைப்பவர்களுக்கு: திதி நள்ளிரவில் இருக்கிறதா என்று பஞ்சாங்கத்தில் பாருங்கள். பகலில் மட்டும் சதுர்த்தசி இருந்து நள்ளிரவுக்குள் முடிந்துவிட்டால், விரதம் அந்த இரவுக்கு இல்லை. பூஜைக்கு வில்வம் வேண்டும். எலுமிச்சைக் குடும்பத்து மரம் அது. இலையைக் கசக்கி முகர்ந்தால் புரியும்! சர்க்கரை வியாதிக்காரர்களும் மாத்திரை சாப்பிடுபவர்களும் முழுப்பட்டினி வேண்டாம். பால், பழத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மகா சிவராத்திரியில் திருவானைக்காவலில் கூட்டத்தில் நசுங்க வேண்டியிருக்கும். முதல் தடவை வருபவர்கள் ஏதாவதொரு மாத சிவராத்திரியன்று மாலையில் வாருங்கள்; நவத்துவாரச் சாளரத்தின் முன் நின்று நிதானமாகப் பார்க்கலாம். எத்தனை மணிக்கு நடை சாத்துகிறார்கள் என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மீதி யாமங்களை வீட்டில் விழிக்கலாம். மறுநாள் காலை குளித்துப் பாரணை முடித்த பிறகும் பசி அடங்காதவர்களுக்கு, இதே ஊரில் பார்த்தசாரதி விலாஸ் நெய் ரோஸ்ட் இருக்கிறது!