இரண்டு நியமனக் கடிதங்கள்

பட்டம் பெற்று வீடு வந்த பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லையென்றால் அது ஒரு துன்பம். இரண்டு வேலைகள் ஒரே வேளையில் வந்து, இரண்டும் உறுதியற்றனவாயிருந்தால் அது வேறொரு துன்பம். முதலாவதற்கு ஊரார் ஆறுதல் சொல்வர். இரண்டாவதை அதிர்ஷ்டமென்று சொல்லி, கேளாமலே புத்திமதியும் வழங்குவர். நேயர்களே, இந்த இரண்டாவது துன்பத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

2020ஆம் ஆண்டிலே எனது பழைய மாணவியொருத்தி இரு கடிதங்களோடு என்னிடம் வந்தாள். அவள் வடமராட்சியைச் சேர்ந்தவள், கலைப் பட்டதாரி. ஒரு கடிதம் அரசாங்கத்தின் பட்டதாரி பயிலுநர் திட்டத்துக்குரியது. ஓராண்டுப் பயிற்சி; மாதம் 20,000 ரூபா கொடுப்பனவு; பயிற்சியின் பின் நிரந்தர நியமனம் கிடைக்குமென்ற எதிர்பார்ப்பு. ஆயினும் பின்னர் எந்தப் பதவி, எந்த ஊர் என்பது அவளுக்குத் தெரியாது. மற்றையது கொழும்பிலுள்ள தனியார் கம்பனியொன்றின் கடிதம். மாதச் சம்பளம் 30,000 ரூபா. ஆறு மாதம் தகுதிகாண் காலம். அக்காலம் முடிந்ததும் என்ன நிகழும் என்பதைக் கடிதம் சொல்லவில்லை.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்கவேண்டும்" என்ற யாழ்ப்பாணத்துப் பழமொழியைத் தந்தையார் நினைவூட்டினார். கொழும்புக்குப் போனாற்றான் முன்னேற்றமுண்டு என்றார் தாய்மாமன். அவளுடைய படிப்புச் செலவுக்காகத் தாயாரின் சங்கிலி வங்கியிலே அடகிலிருந்தது. தங்கை உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். "சேர், இவற்றுள் எது நிச்சயமான வேலை?" என்று அவள் கேட்டாள்.

இரண்டும் நிச்சயமில்லை என்பதே உண்மையான விடை. ஆகவே கேள்வியைத்தான் மாற்றவேண்டும். "எது நிச்சயம்?" என்று கேளாமல், "எது தவறினால் என்னால் தாங்க முடியும்?" என்று கேட்கவேண்டும். இதற்கு விடை காண நான்கு விடயங்களை ஆராய்தல் நன்று.

முதலாவது, எழுத்திலுள்ளது எது, வாய்மொழியிலுள்ளது எது என்பது. ஒரு தாளை இரண்டாக மடித்து, ஒரு பக்கத்திலே கடிதத்தில் உள்ளவற்றையும் மறுபக்கத்திலே பிறர் சொன்னவற்றையும் எழுதும்படி சொன்னேன். "நிரந்தரமாக்குவார்கள்", "சம்பளம் கூடும்" என்பனவெல்லாம் மறுபக்கத்திலே போய்ச் சேர்ந்தன. கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலைசெய்வோர் தொடர்பான 1954ஆம் ஆண்டின் சட்டம், வேலை நிபந்தனைகளை எழுத்திலே ஊழியருக்குக் கொடுக்கும் கடமையை முதலாளிமீது சுமத்தியுள்ளது. எனவே நிபந்தனைகளைப் பணிவாக எழுதிக் கேட்பது துடுக்குத்தனமன்று, உரிமையே.

இரண்டாவது, சம்பளம் எவ்வளவு என்பதன்று, கையிலே மிஞ்சுவது எவ்வளவு என்பது. கொழும்பிலே 30,000 ரூபாவில் ஊழியர் சேமலாப நிதிக்குரிய 2,400 ரூபாவும், அறை வாடகையும், சாப்பாடும், பஸ் கட்டணமும் போக ஏறக்குறைய 6,000 ரூபாவே மிஞ்சுமென்று கணக்கு வந்தது. வீட்டிலிருந்து போய்வந்தால் 20,000 ரூபாவிலே 11,000 ரூபா மிஞ்சும். பெரிய சம்பளம் சிறிய மிச்சத்தைத் தருவதைக் கண்டு அவளே வியந்தாள்.

மூன்றாவது, ஓராண்டிலே அந்த வேலை முடிந்துவிட்டால் நம்மிடம் எஞ்சுவது எது என்பது. இதிலே கொழும்பு வேலை முன்னின்றது. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி சேமலாப நிதிக்கு ஊழியர் நூற்றுக்கு 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்தவேண்டும். 1980ஆம் ஆண்டின் சட்டப்படி நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மேலும் 3 வீதம் செலுத்தவேண்டும். 30,000 ரூபாச் சம்பளத்துக்கு இவை மாதம் 6,900 ரூபா. ஆண்டுக்கு 82,800 ரூபா. ஆனால் சேமலாப நிதிப் பணம் பொதுவாகப் பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலுமே கைக்கு வரும். வங்கியிலிருக்கும் சங்கிலியை அது மீட்காது. பணத்தைவிடப் பெரிய எச்சம் தொழிலறிவு. சிங்களமும் ஆங்கிலமும் கலந்த ஓர் அலுவலகத்திலே பெறும் பயிற்சியை எவரும் திருப்பிக் கேட்கமாட்டார்.

நான்காவது, இன்று மூடும் கதவு நாளை மறுபடியும் திறக்குமா என்பது. அரச சேவைக்கு ஆட்சேர்ப்பிலே வயதெல்லை உண்டு. பட்டதாரிகளைச் சேர்க்கும் திட்டங்கள் ஒவ்வோராண்டும் வருவனவுமல்ல. தனியார் துறையிலே இந்தக் கம்பனி இல்லையென்றால் இன்னொரு கம்பனியைத் தேடலாம்.

நான் தீர்ப்புச் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து அவள் பயிலுநர் திட்டத்தைத் தெரிந்துகொண்டதாக வந்து சொன்னாள். "அரசாங்க வேலை என்பதற்காக அல்ல, சேர். கொழும்பு வேலை ஆறாம் மாதத்திலே போனால் சங்கிலியும் போய்விடும். இது பிந்தினால் நான் பொறுத்துக்கொள்வேன்" என்றாள். மாலை வேளைகளிலே சிங்களம் படிக்கவும் தொடங்கினாள். கொழும்பு தரக்கூடியதிலே ஒரு பங்கை அவள் ஊரிலிருந்தே தேடிக்கொண்டாள்.

அதே ஆண்டிலே வேறொரு மாணவன் இத்தகைய நிலையிலே கொழும்பைத் தெரிந்தான். அவன் வீட்டிலே கடனில்லை. தங்குவதற்குத் தமையனின் வீடும் இருந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இருவரையும் தாக்கியது. அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதமாயிற்று. அவளுடைய வருமானம் வாங்கக்கூடியது சுருங்கிற்று. அவனுடைய கம்பனி ஆட்களைக் குறைத்தபோது அவன் வேலையை இழந்தான். எனினும் கற்ற தொழிலைக்கொண்டு நான்கு மாதத்திலே வேறிடம் தேடிக்கொண்டான். அவளோ சங்கிலியை முன்னரே மீட்டிருந்தாள்.

இருவருள் யார் சரியாகத் தெரிந்தவர் என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. இருவருமே என்பேன். 2022 வருமென்று 2020இலே எவருக்கும் தெரியாது. ஒரு தீர்மானத்தை அதன் விளைவைக்கொண்டு மாத்திரம் மதித்தல் நீதியன்று. தீர்மானித்த நாளிலே அறியக்கூடியதை அறிந்து, தன் வீட்டின் நிலையையும் எண்ணித் தீர்மானித்தாரா என்பதே கேள்வி.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைக்கு அனுபவத்தைச் சொல்லுங்கள். வீட்டுக் கடனையும் மறைக்காமற் சொல்லுங்கள். ஆனால் கையொப்பமிடும் பேனாவை அவர்களிடமே விட்டுவிடுங்கள். நாம் தெரிந்துகொடுத்த வேலை தவறினால் பிள்ளை நம்மை நோவான். தானே தெரிந்த வேலை தவறினால், அடுத்ததை எவ்வாறு தெரிவதென்று கற்றுக்கொள்வான்.