வெள்ளைத் தாளில் ஒரு குட்டிக் கார்

1950-களின் கடைசியில் அமெரிக்க வார இதழ்களைப் புரட்டியவர்களுக்குக் கார் விளம்பரம் எப்படியிருக்கும் என்பது மனப்பாடம். பக்கம் கொள்ளாத வண்ணம், பின்பக்கம் துடுப்பு முளைத்த நீண்ட கார், பக்கத்தில் பட்டாடை உடுத்திய தம்பதி. போன்டியாக் கார்களுக்குப் படம் வரைந்த ஃபிட்ஸ்பாட்ரிக்கும் காஃப்மனும், கார் உண்மையில் இருப்பதைவிட அகலமாகத் தெரியும்படி இழுத்தே வரைவார்கள்.

1959-இல் அந்த வண்ணக் கூட்டத்துக்கு நடுவே கறுப்பு வெள்ளையில் ஒரு பக்கம் வந்தது. பெரும்பகுதி வெற்றிடம். இடப்பக்கம் மேலே, கட்டைவிரலால் மறைத்துவிடலாம் போல ஒரு ஃபோக்ஸ்வாகன். கீழே இரண்டே சொல்லில் தலைப்பு: ‘திங்க் ஸ்மால்.’ கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி.

சிறிதாக யோசியுங்கள் என்று தலைப்பு சொல்வதற்கு முன்பே வெற்றிடம் அதைச் சொல்லிவிடுகிறது. நியூயார்க்கின் டாயில் டேன் பெர்ன்பாக் நிறுவனம் தயாரித்த விளம்பரம் அது. எழுதியவர் ஜூலியன் கோனிக். பக்கத்தை அமைத்தவர் ஹெல்மட் க்ரோன். எழுதுகிறவர் ஓர் அறையிலும் வரைகிறவர் வேறோர் அறையிலுமாக இருந்த வழக்கத்தை மாற்றி, இருவரையும் சேர்ந்து உட்கார்ந்து யோசிக்க வைத்தவர் பில் பெர்ன்பாக். இந்தப் பக்கத்தின் பலமே அதுதான்.

மேலே மூன்றில் இரண்டு பங்கு படம், நடுவில் தலைப்பு, கீழே மூன்று பத்திகளில் எழுத்து என்பது பழைய அமைப்புதான். க்ரோன் அதற்குள் சில துணிச்சலான காரியங்களைச் செய்தார். நுனியில் அலங்காரம் இல்லாத ஃபியூச்சரா எழுத்துருவை எடுத்தார். பாராவின் கடைசி வரியில் ஒன்றிரண்டு சொல் தனியே தொங்குவது அச்சுக்கோப்பவர்களுக்குப் பிடிக்காது. அவர் வேண்டுமென்றே அப்படித் தொங்கவிட்டார். கெட்டியான எழுத்துச் சதுரங்கள் உடைந்து, பக்கம் பேச்சுபோல விட்டுவிட்டு மூச்சு வாங்கியது.

கோனிக்கின் வாக்கியங்களும் அதே நடைதான். எங்கள் குட்டிக் கார் இப்போதெல்லாம் யாருக்கும் புதுமையாக இல்லை என்று, தன் சரக்கையே கொஞ்சம் இறக்கிப் பேசித் தொடங்குகிறார். பெட்ரோல் பங்க் ஆள் பெட்ரோலை எங்கே ஊற்றுவது என்று கேட்பதில்லை, எங்கள் காரின் உருவத்தை யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை என இல்லை இல்லையாகவே அடுக்குகிறார். காலனுக்கு 32 மைல், ஒரு செட் டயருக்கு 40,000 மைல் என்ற கணக்கெல்லாம் பழகிப்போன சங்கதிபோல ஊடே வந்துபோகும். பெருமையடித்த சாயலே இருக்காது. பிறகு ‘அல்லது’ என்று தொடங்கும் அரைகுறை வாக்கியங்கள் வரிசையாக வருகின்றன. பள்ளி ஆசிரியர் பார்த்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பார். அவற்றில்தான் ‘சிறிய’ என்ற சொல் திரும்பத் திரும்ப விழுகிறது: சிறிய பார்க்கிங் இடம், சிறிய காப்பீட்டுக் கட்டணம், சிறிய ரிப்பேர் பில். தலைப்பில் புதிராக நின்ற சொல், பாக்கெட்டில் மிச்சமாகும் பணமாக வந்து முடிகிறது.

1999-இல் ‘அட்வர்டைசிங் ஏஜ்’ இதழ், 20-ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த விளம்பர வரிசை என்று, இந்தப் பக்கம் இடம்பெற்ற ஃபோக்ஸ்வாகன் வரிசையையே முதலிடத்தில் வைத்தது.

வரிசையின் இன்னொரு விளம்பரம் இதைவிடத் துணிச்சலானது. 1960-இல் வந்த அதன் தலைப்பு ஒரே சொல்: ‘லெமன்.’ அமெரிக்கப் பேச்சில் அது கோளாறான காரைக் குறிக்கும் வசவு. படத்திலோ குறையே தெரியாத ஒரு கார். ஏன் இந்த வசவு என்று அறிய, கீழேயுள்ள பொடி எழுத்தைப் படிக்காமல் முடியாது. டேஷ்போர்டு அறையின் குரோம் பட்டையில் ஒரு சிறு மாசு. பரிசோதகர் காரை ஒதுக்கிவிட்டார். ஃபோக்ஸ்வாகனின் வூல்ஃப்ஸ்பர்க் ஆலையில் பரிசோதிப்பதற்கென்றே 3,389 பேர் இருப்பதாக விளம்பரம் சொன்னது. நாளொன்றுக்கு 3,000 கார்கள்தான் தயாராகின்றன, கார்களைவிடப் பரிசோதகர்களே அதிகம் என்ற தகவலை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள்.