உறைந்த அருவிகள்

அருவி என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது அதன் ஓசையே. கண்ணுக்குப் புலப்படுமுன்னரே அது காதுக்குப் புலப்பட்டுவிடும். ஆனால், ஓசை அடங்கி, தூண்களும் திரைகளுமாகப் பாறையின்மீது அசைவற்றுத் தொங்கும் அருவிகளும் உலகில் உள்ளன. ஐரோப்பாவின் வடபால் அமைந்த பின்லாந்து நாட்டில், கொரோவுவோமா என்னும் பள்ளத்தாக்கு அத்தகைய அருவிகளுக்குப் பெயர் பெற்றது. குளிர்காலந்தோறும் வழிகாட்டியின் துணையோடு பலர் அங்கு நடந்து சென்று அவற்றைக் கண்டு வருகின்றனர்.

லாப்லாந்துப் பகுதியின் தலைநகராகிய ரோவனியெமியிலிருந்து தென்கிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் இப்பள்ளத்தாக்கு உள்ளது. ஆர்க்டிக் வட்டம் இதற்குச் சற்றே வடக்கில் செல்கிறது. மிகப் பழங்காலத்தே நிலத்தடிப் பாறை பிளவுண்டதனால் தோன்றிய இது, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுடையது. இருபுறமும் செங்குத்தான பாறைகள். இடையே கொரோ என்னும் சிற்றாறு. டிசம்பர்த் திங்களின் பிற்பகுதியில் கதிரவன் ஏறத்தாழ இரண்டரை மணி நேரமே அடிவானத்தை ஒட்டித் தோன்றி மறைகிறான். எஞ்சிய பகற்பொழுதெல்லாம் நீலம் கலந்த மங்கலொளிதான்.

இங்கு ஒரு சொல்லைப்பற்றிக் கூறுதல் வேண்டும். நாம் பனி என்று பெரும்பாலும் வழங்குவது இலைநுனியில் துளிக்கும் நீரையும் விடியற்காலத்து மூட்டத்தையுமே. முன்பனி, பின்பனி என்று பருவங்களுக்குப் பெயரிட்டபோது நம் முன்னோர் கருதியதும் அதுவே. பின்லாந்து மக்களுக்கோ அஃது ஒரு சொல்லில் அடங்குவதன்று. வெண்பனிக்குப் பொதுப்பெயர் லுமி. நிலத்தின்மேல் படிந்து கிடக்கும் பனிப்போர்வை ஹங்கி. மரக்கிளைகளில் பொடிப்பொடியாகப் பூத்திருப்பது கூரா. எதனோடு நாள்தோறும் போராடி வாழ்கின்றோமோ அதனை நுணுகிப் பார்த்துப் பெயரிடுவது மக்கள் இயல்பு போலும். இக்கட்டுரையில் வானிலிருந்து மென்துகளாக வீழ்வதை வெண்பனி என்றும், நீர் இறுகிக் கல்போன்றாவதைப் பனிக்கட்டி என்றும் குறிப்போம்.

புறப்படுமுன் வழிகாட்டி முதலில் நோக்குவது ஒவ்வொருவர் உடையையும்தான். குளிர் சுழியத்திற்குக் கீழே 20, 30 பாகை வரை செல்லக்கூடிய இடம் அது. ஆயினும் அவர் அஞ்சுவது குளிரைவிட வியர்வையை. நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். வியர்வையில் நனைந்த ஆடை, நடை நின்றவுடன் உடலின் சூட்டையெல்லாம் உறிஞ்சி வெளியேற்றிவிடும். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; கம்பளியோ ஈரமானாலும் ஓரளவு வெப்பங் காக்கும். ஆகவே பருத்தியை விலக்கி, கம்பளியை உள்ளாடையாக்கி, அதன்மேல் அடுக்கடுக்காக உடுத்துவர். வியர்க்கத் தொடங்குமுன்னரே ஓர் அடுக்கைக் களையவேண்டும் என்பது அவர் கட்டளை. புதியவர்கள் இதனைக் கேட்டு நகைப்பதுண்டு. ஏற்றம் வந்ததும் நகைப்பு அடங்கிவிடும்.

பள்ளத்தாக்கினுள் இறங்கி, அருவிகளைக் கண்டு, மீண்டும் மேலேறும் சுற்றுவழி ஏறத்தாழ 5 கிலோமீட்டர். சம தரையில் இஃது எளிய தொலைவே. இறக்கம் செங்குத்தாதலின், அங்கு ஒவ்வோர் அடியையும் எண்ணியே வைத்தல் வேண்டும். இடையிடையே வழிகாட்டி நின்று அனைவர் முகத்தையும் உற்று நோக்குவார். கன்னத்திலோ மூக்கு நுனியிலோ வெளிறிய புள்ளி தோன்றினால் அங்கே தோல் உறையத் தொடங்கிவிட்டது என்பது பொருள். உடையவருக்கு அது தெரியாது. ஏனெனில் அவ்விடம் உணர்விழந்திருக்கும். வெறுங்கையை அதன்மேல் வைத்துச் சூடேற்றுவர். வெண்பனியால் தேய்ப்பது பழைய வழக்கம். அது தோலுக்குக் கேடு விளைக்கும் என்று மருத்துவர் விலக்கிவிட்டனர்.

அருவிகளின்முன் நிற்கும்போது எல்லார்க்கும் தோன்றும் எண்ணம் ஒன்றுண்டு: ஆரவாரித்து வீழ்ந்த பேரருவி ஒன்று கடுங்குளிரில் ஒரு நொடியில் உறைந்து நின்றுவிட்டது என்பது. உண்மை அதற்கு மாறானது. சுழியப் பாகையிலுள்ள ஒரு கிராம் நீர் பனிக்கட்டியாவதற்கு 80 கலோரி வெப்பத்தை இழக்கவேண்டும். அதே வெப்பத்தைக் கொண்டு அந்நீரைச் சுழியத்திலிருந்து 80 பாகைக்குச் சூடேற்றிவிடலாம். பெருவெள்ளமாக வீழும் அருவி, நொடிதோறும் புது வெப்பத்தைக் கொண்டுவருவதால் எளிதில் உறைவதில்லை. இங்குள்ளவையோ பாறை இடுக்குகளிலிருந்து வடியும் மெல்லிய கசிவுகள். மேலே படிந்த வெண்பனி கம்பளம்போல் நிலத்தைக் காப்பதால், மண்ணுள் இருக்கும் நீர் குளிர்காலத்திலும் உறையாது கசிகின்றது. வெளியே வந்ததும் பாறைமேல் மெல்லிய ஏடாகப் பரவி இறுகுகிறது. அதன்மேல் மற்றோர் ஏடு, அதன்மேல் இன்னொன்று. நவம்பரில் தொடங்கும் இவ்வேலை பல திங்கள் நடந்து, ஏறத்தாழ 60 மீட்டர் வரை உயர்ந்த பெருந்தூணாக முடிகிறது. மம்மூத் என்று பெயர் பெற்ற அருவி இவ்வாறு ஆனதே.

எல்லாத் தூண்களும் ஒரு நிறத்தன அல்ல. காற்றுக் குமிழிகள் நிறைந்த பனிக்கட்டி வெண்மையாகத் தோன்றும். குமிழியின்றித் தடித்து இறுகியது செந்நிற ஒளியை உட்கொண்டு நீலமாக ஒளிரும். ருஸ்கியா விர்த்தா என்னும் அருவி தேன்போன்ற பழுப்பு நிறம் உடையது. பின்னிய மொழியில் அப்பெயரின் பொருளே பழுப்பு ஓட்டம் என்பதுதான். மேலேயுள்ள சதுப்பு நிலத்தில் மக்கிய இலைதழைகளின் சாறு கலந்து வருவதால் இந்நிறம் வாய்த்தது.

உறைந்தது என்று நாம் கூறினும், உள்ளே நீர் ஓய்வதில்லை. செவி சாய்த்துக் கேட்டால் பனிக்கட்டியின் பின்னே நீர் வழியும் ஒலி சில இடங்களில் கேட்கும். வழி அடைபட்டால் அது வேறோரிடத்தில் வெடித்து வெளிப்பட்டு, அங்கே உறையும். குளிர் மிகுந்தால் தூண் மேலும் உறுதியாகும் என்று எண்ணுவோம். அதுவும் முழுவதும் சரியன்று. திடீரென்று குளிர் கடுமையாகும்போது பனிக்கட்டி சுருங்கி, இழுவை தாங்காது பிளக்கும். தொங்கும் பெரும் பனிக்கூர்கள் அப்போது முறிந்து வீழ்வதுண்டு. ஆகையால் தூணின் நேர்கீழே நிற்க வழிகாட்டி எவரையும் விடுவதில்லை. ஆற்றைக் கடக்கவும் அவ்வாறே எச்சரிப்பார். தடித்த வெண்பனி மூடிய இடமே உறுதியானது என்று தோன்றும்; அப்போர்வையே கீழுள்ள நீரைக் குளிரிலிருந்து காத்து, பனிக்கட்டியை மெலிதாக வைத்திருக்கும்.

ஆர்க்டிக் பகுதி 1979 முதல் உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்து வந்துள்ளது என்று பின்லாந்து வானிலை ஆய்வாளர்கள் 2022-இல் கணக்கிட்டனர். ஆதலின் நாட்காட்டியை மட்டும் நம்பி இங்கு இறங்குதல் தகாது. அன்றன்றைய பனிக்கட்டியைத் தட்டியும் கேட்டும் அறிந்தவரே பிறரை அழைத்துச் செல்லத் தக்கவர்.

நடையின் இடையே, ஒருபுறம் திறந்த மரக்குடிலொன்றில் தீ மூட்டிச் சூடான பழச்சாறு அருந்துவர். பின்னர்ப் பொழுது சாயுமுன் மேலேறிவிடுவர்.

வேனில் தொடங்கியதும் கதிரொளி பாறையைச் சூடேற்றும். பாறையை ஒட்டிய பக்கம் முதலில் உருகி, பற்றுவிட்ட தூண்கள் இடிபோன்ற முழக்கத்தோடு சரியும். சில நாள் உருகுநீர் பெருகிப் பாயும். கோடைகாலத்தில் அங்கு வந்து, அறுபது மீட்டர் அருவி எங்கே என்று தேடுவோர்க்கு வழிகாட்டி காட்டுவது, பாசி படர்ந்த பாறைமேல் மெல்லென வழியும் ஈரக்கோடு ஒன்றையே.