ஒரே மாதத்தில் பத்து கிலோ... முள் இறங்கும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ஆவணி முகூர்த்தத்துக்கு ஜாக்கெட் அளவு கொடுக்கும்போதே, ''இன்னும் ரெண்டு இன்ச் பிடிச்சுத் தைங்கக்கா, அதுக்குள்ள குறைஞ்சிடுவேன்'' என்று டெய்லரிடம் சொல்லாத மணப்பெண்கள் இன்று குறைவு. டெய்லர் அக்காவும் சிரித்துக்கொண்டே, உள்தையலில் துணி விட்டுத்தான் தைப்பார். அவருக்கு அனுபவம் உண்டு.

அன்றிலிருந்து ஆறு வாரத்துக்கு வீட்டில் ஒரு புதுச் சட்டம். காலையில் வெந்நீரில் எலுமிச்சை, மதியம் ஒரு கிண்ணம் வெள்ளரிக்காய், ராத்திரி கொள்ளு ரசம். சிலருக்கு டப்பாவில் வரும் ஷேக் மட்டும். மணப்பெண்கள்தான் என்றில்லை. பிரசவமாகி ஆறு மாதமான அம்மா, 'சுகர் இருக்கு, எடையைக் குறைங்க' என்று டாக்டர் சொன்ன மறுநாளே சோற்றை மொத்தமாக நிறுத்திவிட்ட அப்பா என்று இந்த அவசரம் எல்லா வயதிலும் இருக்கிறது.

எடையைக் குறைக்க வேண்டிய தேவை உண்மையானதுதான். 2019-21ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 40 சதவிகிதம் பேர் அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள். அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: 53 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. சதைப்பிடிப்பாக இருப்பதாலேயே உடம்பில் சத்து இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. இரும்புச்சத்தும் புரதமும் ஏற்கெனவே பற்றாக்குறையாக இருக்கும் உடம்பில் பட்டினியையும் ஏற்றினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

முதலில் கணக்கு

'30 நாளில் 10 கிலோ' என்ற விளம்பரத்தைப் பார்த்தால், ஒரு நிமிடம் பேனாவை எடுங்கள். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. பத்து கிலோ என்றால் 77,000. முப்பதால் வகுத்தால், தினமும் 2,560 கலோரிக்கு மேல் பற்றாக்குறை வர வேண்டும். 55 கிலோ எடையில், உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 1,660 கலோரி என்கிறது ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். எடை கூடுதலான பெண்ணுக்கு இது இன்னும் சில நூறு அதிகமாகும், அவ்வளவுதான். அதாவது, மாதம் முழுக்க ஒரு பருக்கை சாப்பிடாமல் கிடந்தாலும் பத்து கிலோ கொழுப்பு கரைவதற்கு வழியில்லை.

பிறகு எப்படி முள் இறங்குகிறது? பெரும்பகுதி தண்ணீர். நம் கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்ற வடிவில் மாவுச்சத்து சேமிப்பாக இருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சோறு, இட்லி, சப்பாத்தி எல்லாவற்றையும் நிறுத்திய முதல் சில நாள்களில் இந்தச் சேமிப்பு தீர்ந்து, தண்ணீரும் வெளியேறிவிடுகிறது. முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்த சந்தோஷம் இதுதான். கல்யாண விருந்தில் ஒரு நாள் சாப்பிட்டால் அதில் பாதி திரும்பி வந்துவிடும்.

தண்ணீரை வைத்து எடையோடு விளையாடுவதில் உலகிலேயே தேர்ந்தவர்கள் மல்யுத்த வீரர்கள். பயிற்சியாளரும் டாக்டரும் கூடவே இருப்பார்கள். அப்படியிருந்தும் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் இரவு முழுக்கத் தூங்காமல் ஓடி, வியர்க்கவைத்து, முடியைக்கூட வெட்டிக்கொண்டும் 100 கிராமில் இறுதிப்போட்டியை இழந்தார். நீரிழப்பால் அவருக்குச் சிகிச்சை தரவேண்டியிருந்தது. அவருக்கே அந்த நிலை என்றால், யூடியூப் பார்த்து 'வாட்டர் ஃபாஸ்டிங்' இருக்கும் கல்லூரி மாணவியை நினைத்துப் பாருங்கள்.

தண்ணீருக்கு அடுத்துப் போவது தசை. போதிய புரதம் இல்லாமல் பட்டினி கிடக்கும்போது உடம்பு கொழுப்பை மட்டும் தேர்ந்தெடுத்து எரிப்பதில்லை, தசையையும் உடைத்து எடுத்துக்கொள்கிறது. மாடிப்படி ஏறினால் கால் நடுங்குவது, குழந்தையைத் தூக்கினால் மூச்சு வாங்குவது எல்லாம் இதன் அறிகுறிகளாக இருக்கலாம். பிறகு பழையபடி சாப்பிட்டு எடை ஏறும்போது, திரும்புவதில் பெரும்பங்கு கொழுப்பாகவே இருக்கும். தராசில் அதே 72 கிலோ காட்டும். ஆனால், உள்ளே சரக்கு மாறியிருக்கும்.

பித்தப்பை செய்யும் கலகம்

வேகமான எடைக்குறைப்பின் ஆபத்துகளில் அதிகம் பேசப்படாதது இது. டயட்டில் இருக்கும் ஒருவருக்கு வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி வந்தால், 'வெறும் வயிறு, கேஸ்' என்று ஓமத் தண்ணீர் கொடுத்துவிடுகிறோம்.

நடப்பது என்னவென்றால், கொழுப்பு வேகமாகக் கரையும்போது கல்லீரல் கூடுதல் கொலஸ்ட்ராலைப் பித்தநீரில் கொட்டுகிறது. இன்னொரு பக்கம், பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வெளியேற்ற வேண்டுமென்றால் உணவில் கொஞ்சமாவது கொழுப்பு வந்தாக வேண்டும். நாமோ எண்ணெயே கூடாது என்று அவித்த காய்கறியில் நிற்கிறோம். பித்தநீர் பையிலேயே தேங்குகிறது, கெட்டியாகிறது, கல்லாகிறது. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் தொடர்ந்து குறைப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு கூடுகிறது. எடைக்குறைப்பு அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் பித்தப்பைக் கல் வராமலிருக்க டாக்டர்கள் சில மாதங்களுக்கு மாத்திரை கொடுப்பது இதனால்தான். அறுவைசிகிச்சை அரங்கில் இருக்கும் அந்த எச்சரிக்கை, வாட்ஸ்அப்பில் வரும் டயட் சார்ட்டில் இருப்பதில்லை.

பொறுக்க முடியாத வயிற்றுவலி, அதோடு காய்ச்சலோ கண் மஞ்சளாவதோ சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கல் நழுவிக் குழாயை அடைத்தால் கணையம்வரை பாதிக்கப்படும்.

முடி உதிர்வதற்கு இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. ஆனால், அதன் நேரம்தான் குழப்பும். பட்டினி கிடந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, கல்யாணம், ஹனிமூன் எல்லாம் முடிந்தபிறகு கொத்துக்கொத்தாகக் கொட்டும். 'மாமியார் வீட்டுத் தண்ணி ஒத்துக்கலை' என்று அந்த வீட்டுப் போர்வெல் மேல் பழி விழும்! சத்தான சாப்பாட்டுக்குத் திரும்பி, ரத்தசோகையும் சரியானால் சில மாதங்களில் பெரும்பாலும் முளைத்துவிடும்.

ஒரு புட்டிக்குள் வந்த மரணம்

1976ல் அமெரிக்காவில் 'தி லாஸ்ட் சான்ஸ் டயட்' என்றொரு புத்தகம் வெளியாகிப் பரபரப்பாக விற்றது. சாப்பாடே வேண்டாம், புரதத் திரவத்தை மட்டும் குடித்தால் போதும் என்பது அதன் சாரம். இதேபோன்ற திரவங்களைப் பல நிறுவனங்கள் புட்டிகளில் அடைத்து விற்றன. நாளைக்கு 300, 400 கலோரிதான். அந்தப் புரதமும் இறைச்சிக்கூடங்களில் மிஞ்சும் தோல், குளம்பு போன்றவற்றிலிருந்து எடுக்கப்பட்ட தரமற்ற வகை.

எடை மளமளவென்று குறைந்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் திடீர் மரணச் செய்திகள் வரத் தொடங்கின. சுமார் 60 மரணங்கள் அரசின் கவனத்துக்கு வந்தன. இறந்தவர்களில் நிறைய பேர் இளம்பெண்களும் நடுவயதுப் பெண்களும். இதயத்துடிப்பு தாறுமாறாகி நின்றுபோனதே பலரின் முடிவுக்குக் காரணம். இதயமும் தசைதான் என்பதை அந்த டயட்டை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. இன்றைய ஷேக்குகள் எல்லாம் அப்படிப்பட்டவை என்று சொல்ல மாட்டேன். ஆனால், மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு டப்பாவைப் பரிந்துரைப்பவர் உங்கள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கேட்டாரா என்று மட்டும் கவனியுங்கள்.

மனமும் இதில் தப்பாது. 1944-45ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். எரிச்சல், சோர்வு, எப்போதும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்களாம். அவர்களுக்குத் தரப்பட்டது நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. ஆண்களுக்கான அளவுதான் என்றாலும், இன்று கைமாறும் 800 கலோரி சார்ட்டுகளுக்கு முன்னால் அது விருந்து!

அப்படியானால் வேகமே கூடாதா?

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 'மெதுவாகக் குறைத்தால் திரும்ப ஏறாது' என்று பலரும் சொல்வது முழு உண்மையில்லை. 2014ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 12 வாரத்தில் வேகமாகக் குறைத்தவர்களும் 36 வாரத்தில் நிதானமாகக் குறைத்தவர்களும், குறைத்ததில் ஏறத்தாழ 71 சதவிகிதத்தை மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பப் பெற்றார்கள். பிரிட்டனில் 2017ல் வெளியான 'டைரக்ட்' ஆய்விலோ, நாளைக்கு 850 கலோரி அளவிலான உணவைச் சில மாதம் எடுத்துக்கொண்ட சர்க்கரை நோயாளிகளில் 46 சதவிகிதம் பேருக்கு ஓராண்டில் நோய் கட்டுக்குள் வந்து, மாத்திரையே தேவைப்படவில்லை.

வித்தியாசம் எங்கே? டைரக்ட் ஆய்வில் முதல் நாளே சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மருத்துவக் குழு நிறுத்தியது. வைட்டமின்களும் தாது உப்புகளும் கணக்குப் பார்த்துச் சேர்த்த உணவு தரப்பட்டது, தொடர் கண்காணிப்பும் இருந்தது. நம் வீட்டிலோ அப்பா கிளிமிபிரைடு மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு ராத்திரி சாப்பாட்டை மட்டும் நிறுத்துகிறார். விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, நினைவு தப்பி விழலாம். 'டப்பாக்ளிஃப்ளோசின்' வகை மாத்திரை எடுப்பவர் கீட்டோ டயட் ஆரம்பித்தால், சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து உண்டு. குளுக்கோமீட்டர் 180 காட்டுகிறதே என்று ஏமாந்துவிடுவோம். மாத்திரை எடுப்பவர்கள் டயட்டை மாற்றுவதற்கு முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

2025ல் மவுன்ஜாரோ, வெகோவி ஊசிகள் இந்தியாவுக்கு வந்தபிறகு இன்னொரு குறுக்குவழிக் கூட்டம் சேர்ந்திருக்கிறது. தேவைப்படுபவர்களுக்கு நல்ல மருந்துதான். ஆனால், அதிலும் தசை இழப்பும் பித்தப்பைச் சிக்கலும் வரக்கூடும். ஊசியை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதாக வெகோவியில் உள்ள செமாகுளுடைடு மருந்தை வைத்து நடந்த ஆய்வு காட்டியது. ரிசப்ஷனுக்காகப் போட்டுக்கொள்ளும் ஊசி இது இல்லை.

வாரத்துக்கு அரைக்கிலோ குறைவதே பாதுகாப்பானது, எந்த டயட்டும் 1,000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டல். நம் தட்டில் இதைக் கொண்டுவருவது ஒன்றும் கம்பசூத்திரம் கிடையாது. சோற்றைப் பாதியாக்கிவிட்டு, அந்த இடத்தில் கெட்டிப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் என்று புரதம் வர வேண்டும். தாளிக்க இரண்டு ஸ்பூன் எண்ணெய் இருக்கட்டும், பித்தப்பைக்கு அது வேலை கொடுக்கும். நடையோடு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை தரும் உடற்பயிற்சியும் வேண்டும். 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்றார்கள் நம் முன்னோர். கொள்ளை மட்டும் என்று சொல்லவில்லை.

கர்ப்பிணிகள், பாலூட்டும் அம்மாக்கள், வளரும் பிள்ளைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாமாக எந்த டயட்டும் தொடங்கக் கூடாது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. எந்த முயற்சியும் செய்யாமல் எடை குறைகிறது. விசேஷ வீட்டில் பார்ப்பவர்கள், ''என்னடி இப்படி இளைச்சு அழகாயிட்டே!'' என்கிறார்கள். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் 5 சதவிகிதம், அதாவது 70 கிலோ உள்ளவருக்கு மூன்றரை கிலோ, காரணமில்லாமல் குறைந்தால் டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரை நோய், தைராய்டு, காசநோய், சில நேரம் புற்றுநோய்கூட இப்படித்தான் முதலில் தலைகாட்டும். சர்க்கரைக்கும் காசநோய்க்குமான முதல்கட்டப் பரிசோதனைகளுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம், கட்டணம் கிடையாது.