தசையின் சுபாவம்

பளு தூக்கும் பயிற்சி என்று சொன்ன மாத்திரத்தில், கண்ணாடியின் முன் நின்று புஜத்தை முறுக்கிப் பார்க்கும் இருபது வயது வாலிபனின் உருவமே நம்மில் பெரும்பாலோருக்கு நினைவு வருகிறது. இளவட்டக்கல்லைத் தோளுக்கு மேல் ஏற்றி முதுகுப்புறம் தள்ளியவனுக்கே பெண் கொடுத்தார்கள் என்று கிராமத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்லிவரும் நாட்டில், பலம் என்பது யௌவனத்தின் அலங்காரம் என்னும் எண்ணம் வேரூன்றியிருப்பதில் வியப்பொன்றுமில்லை. ஆயினும், தசையின் அமைப்பையும் அது வளரும் விதத்தையும் உடலியலார் ஆராய்ந்து கண்டவற்றை ஒருசேர வைத்து நோக்கும்போது, இப்பயிற்சியால் பெரும் பயனடையக்கூடியவர்கள் நோய்ப்படுக்கையிலிருந்து எழுந்தவரும், நாற்காலியை விட்டு எழுவதற்குக் கைப்பிடியைத் தேடும் முதியவருமே என்னும் முடிவுக்கு நாம் வரவேண்டியிருக்கிறது.

நம் சரீரத்தில் மூவகைத் தசைகள் உள்ளன. இதயத்தின் தசை ஒரு வகை. குடல், இரத்தக்குழாய் முதலியவற்றின் சுவர்களில் நம் இச்சைக்குக் கட்டுப்படாமல் இயங்குவது மற்றொரு வகை. எலும்புகளைப் பற்றிக்கொண்டு நம் விருப்பப்படி அசைவது மூன்றாவது வகை. பளுவை ஏந்தி நாம் வளர்க்க முயல்வது இந்த மூன்றாவது வகையையே. எண்ணிக்கையில் 600-க்கு மேற்பட்ட இவை, ஆரோக்கியமான ஒருவரின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் இருக்கும். நடுச்செவியில் சில மில்லிமீட்டர் நீளமே உடைய நுண்தசையும், நம்மை நிமிர்ந்து நிற்கச் செய்யும் பெரிய பிட்டத் தசையும் உருவத்தில் எவ்வளவு வேறுபட்டிருப்பினும், இரண்டுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: தசையால் இழுக்க முடியுமேயன்றித் தள்ள முடியாது. கதவை நாம் தள்ளும்போதுகூட, மேற்கையின் பின்புறத்தில் உள்ள முத்தலைத் தசை முழங்கையின் முனையை இழுப்பதனால்தான் கை நீளுகிறது. ஆகவே மூட்டுதோறும் மடக்குவதற்கு ஒரு கூட்டமும் நீட்டுவதற்கு ஒரு கூட்டமுமாகத் தசைகள் எதிரெதிரே அமைந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் வளர்த்து மற்றொன்றைப் புறக்கணிக்கும் பயிற்சி அரைப்பயிற்சியே ஆகும்.

வாசகர் தம் வலது முழங்கையை மடக்கி, இடக்கை விரல்களை மேற்கையின் முன்புறத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு, வலது உள்ளங்கையை முதலில் தரையை நோக்கியும் பிறகு மேல்நோக்கியும் திருப்பிப் பார்க்கட்டும். மேல்நோக்கித் திரும்பும் வேளையில் விரல்களுக்கடியே தசை உருண்டெழுவது பிரத்தியட்சமாகத் தெரியும். இருதலைத் தசைக்குக் கையை மடக்குவதோடு முன்கையைத் திருப்புவதும் தொழில். வலக்கையால் திருகாணியை முடுக்கும் தச்சருக்குத் துணைநிற்பது அதுவே. டம்பெல்லை உள்ளங்கை மேல்நோக்கியிருக்கப் பிடித்து மடக்கினால் இத்தசை முழு வன்மையோடு உழைப்பதும், பிடியைக் கவிழ்த்துக்கொண்டால் அதன் அடியில் மறைந்திருக்கும் தசையின் மீதும் முன்கையின் தசை மீதும் பாரம் மாறுவதும் இக்காரணம் பற்றியே. இனி, அதே கையை இறுக மூடித் திறந்து பார்த்தால், அசைவது முழங்கைக்குக் கீழுள்ள சதை என்பது விளங்கும். விரல்களை மடக்கும் முக்கியமான தசைகள் விரல்களில் இல்லை; அவை முன்கையில் இருந்துகொண்டு, மணிக்கட்டின் வழியே செல்லும் நீண்ட நாண்களைக் கொண்டு விரல்களை இழுக்கின்றன.

எலும்பும் தசையும் சேர்ந்து அமைத்திருக்கும் நெம்புகோலில் ஒரு விசேஷம் உண்டு. முழங்கை மூட்டிலிருந்து உள்ளங்கை சுமார் 35 சென்டிமீட்டர் தொலைவில் இருக்க, இருதலைத் தசையின் நாணோ மூட்டிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தொலைவிலேயே எலும்பைப் பற்றியிருக்கிறது. ஆதலால் முழங்கையைச் செங்கோணமாக மடக்கி 10 கிலோ எடையை ஏந்தி நிற்பவருடைய மேற்கைத் தசைகள், முன்கையின் சொந்த எடையைக் கணக்கில் சேர்க்காமலேயே, 70 கிலோவுக்கு ஈடான விசையோடு இழுத்தாக வேண்டும். இது வீண்செலவு போலத் தோன்றினும் அவ்வாறன்று. நாண் ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தால் கை ஏழு சென்டிமீட்டர் நகர்கிறது. பலத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கியிருக்கிறோம்; நாம் கல்லெறிவதும் பந்து வீசுவதும் அந்த வேகத்தினால்தான். கை தொங்கும்போது இலேசாகத் தோன்றிய டம்பெல், முன்கை தரைக்கு இணையாக வரும்போது கனப்பதற்கும், எடை அதுவேயாயினும் மூட்டிலிருந்து அதன் கிடைத்தொலைவு மிகுந்துவிடுவதே காரணம்.

இந்த இழுப்பு எவ்வாறு உண்டாகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. தசையினுள்ளே உள்ள நீண்ட புரத மூலக்கூறுகள் மடிந்து சுருங்குகின்றன என்றே பலரும் கருதியிருந்தனர். 1954-ஆம் வருஷம் மே மாதம் 22-ஆம் தேதியிட்ட 'நேச்சர்' சஞ்சிகையில், ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும் எழுதிய கட்டுரை ஒன்றும், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதிய கட்டுரை ஒன்றும் சேர்ந்து வெளியாயின. பெயரில் ஒற்றுமை இருந்ததேயன்றி இரு ஹக்ஸ்லிகளுக்கும் உறவேதும் இல்லை. வெவ்வேறு வழியில் சென்று ஒரே உண்மையைக் கண்டிருந்தார்கள். தசை இழையின் உள்ளே மயோசின் என்னும் தடித்த சரங்களும் ஆக்டின் என்னும் மெல்லிய சரங்களும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. தசை சுருங்கும்போது இச்சரங்கள் எவையும் குறுகாமல், ஒன்றினூடே ஒன்று நழுவிச் செல்கின்றன என்பதே அவ்வுண்மை. கிணற்றில் நீர் இறைப்பவர் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுப்பதுபோல, மயோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றுவதும் இழுப்பதும் விடுவதும் மறுபடி பற்றுவதுமாக இருக்கின்றன. ஓர் இழுப்பின் தூரம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு அளவே. ஆனால் ஒரு சென்டிமீட்டர் நீள இழையில் இத்தகைய அடுக்குகள் சுமார் 4,000 வரிசையாக நின்று ஒருங்கே இழுப்பதால், அணுவளவான அசைவுகள் திரண்டு கையையே உயர்த்திவிடுகின்றன. ஏ.டி.பி. என்னும் எரிபொருள் வந்து சேர்ந்தாலன்றி மயோசின் தன் பிடியை விடுவதில்லை. உயிர் நீங்கிய சில மணிநேரத்தில் உடல் விறைத்துப்போவது, அவ்வெரிபொருள் தீர்ந்து எல்லாப் பிடிகளும் இறுகியபடியே நின்றுவிடுவதனால்தான்.

இழுப்பது தசையாயினும் ஏவுவது நரம்பு. தண்டுவடத்திலிருந்து புறப்படும் ஒரு நரம்பணுவும் அது ஆளும் இழைகளும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு எனப்படும். நுட்பமாக அசையவேண்டிய கண் தசையில் ஓர் அலகுக்குச் சில இழைகளே போதும். கெண்டைக்காலிலோ ஓர் அலகில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இழைகள் இருக்கக்கூடும். 1960-களில் எல்வுட் ஹென்னமன் என்னும் உடலியலார் பூனைகளை ஆராய்ந்து, இவ்வலகுகள் அழைக்கப்படுவதில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கண்டறிந்தார். எளிய வேலைக்குச் சிறிய அலகுகள் முதலில் வருகின்றன. அவை மெல்ல இயங்கி நெடுநேரம் சோர்வறியாமல் உழைப்பவை. பாரம் கூடக்கூடத்தான், விரைவும் வலிமையும் மிக்க, ஆனால் சீக்கிரம் களைத்துப்போகும் பெரிய அலகுகள் வரிசையாக வந்து சேர்கின்றன. அன்றாட நடையிலும் வீட்டு வேலையிலும் இப்பெரிய அலகுகளுக்கு அழைப்பே வருவதில்லை. அவற்றை எழுப்ப வேண்டுமானால், கனத்த பளுவை ஏந்த வேண்டும். அல்லது இலேசான பளுவையே, இனி ஒருமுறையும் இயலாது என்னும் எல்லையை நெருங்கும்வரை தூக்க வேண்டும். பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில், சதை கண்ணுக்குத் தெரியும்படி பருக்காமலிருக்கும்போதே பலம் மட்டும் மளமளவென்று ஏறுவது புதியவர்களை வியப்பில் ஆழ்த்தும். உறங்கிக் கிடந்த அலகுகளை ஒருங்கே ஏவுவதற்கு நரம்பு மண்டலம் கற்றுக்கொண்டதன் பயன் அது. இழைகள் தடிப்பது அதற்குப் பின்னரே நன்கு புலப்படும்.

கனத்த பளுவைத் தூக்கும் பயிற்சியை வைத்தியத்தில் புகுத்தியவர் தாமஸ் டிலார்ம் என்னும் அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலக யுத்தத்தில் காயமுற்று, முழங்கால் கட்டுக்குள் கிடந்து, தொடை சூம்பிப்போன போர்வீரர்கள் சிக்காகோவில் இருந்த கார்டினர் ராணுவ மருத்துவமனையில் நிறைந்திருந்தனர். அவர்களுக்கு இலேசான அசைவுகளைப் பலமுறை செய்விப்பதே அக்காலத்து முறை. டிலார்ம் இளமையில் வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பளு தூக்கியே தேறியவர். அந்த அநுபவத்தைத் துணைக்கொண்டு, இரும்புக் காலணியில் எடைகளைப் பூட்டி, நோயாளியின் சக்திக்கு இயன்ற கனத்த பளுவைச் சிலமுறை மட்டும் தூக்கச் செய்து, பலம் ஏறஏறப் பளுவையும் ஏற்றிக்கொண்டே போனார். 1945-இல் அவர் வெளியிட்ட கட்டுரையும், 1948-இல் ஆர்தர் வாட்கின்ஸுடன் சேர்ந்து வகுத்த திட்டமும் வைத்திய உலகின் கருத்தை மாற்றின. பத்து முறை தூக்கக்கூடிய அதிக எடையைக் கண்டறிந்து, அதில் பாதியை ஒரு பத்து முறையும், முக்கால் பங்கை ஒரு பத்து முறையும், முழுவதையும் ஒரு பத்து முறையும் தூக்குவதே அத்திட்டம். இன்று மூலைக்கு மூலை உள்ள ஜிம்களில் 'மூணு செட், பத்து ரெப்ஸ்' என்று பயிற்றுநர் சொல்லும் கணக்கு, இந்த மருத்துவமனைச் சிகிச்சையின் வழியே வந்ததாகும்.

பயிற்சிகளின் பெயர்கள் பலவாயினும், அவற்றுள் அடங்கிய அசைவுகள் ஒரு சிலவே. உட்கார்ந்து எழும் பஸ்கியும் தோளில் பார்பெல் வைத்துச் செய்யும் ஸ்குவாட்டும், தொடையின் முன்புறத்து நாற்றலைத் தசைக்கும் பிட்டத் தசைக்கும் உரியவை. தரையிலுள்ள பளுவை இடுப்பிலிருந்து குனிந்து நேர்முதுகோடு தூக்கும் டெட்லிஃப்ட், பின்தொடையையும் பிட்டத்தையும் முதுகெலும்பின் இருமருங்கும் ஓடும் தசைகளையும் கைப்பிடியையும் ஒருங்கே சோதிக்கும். தண்டாலும் பெஞ்ச் பிரஸ்ஸும் மார்பு, முன்தோள், முத்தலைத் தசைகளுக்கானவை. பளுவைத் தலைக்கு மேல் ஏற்றுவது தோளுக்கு. கம்பியைப் பற்றி உடலை மேலே இழுப்பதும், குனிந்து நின்று டம்பெல்லை விலாவை நோக்கி இழுப்பதும் முதுகின் அகன்ற தசைக்கும் இருதலைத் தசைக்கும் உரியவை. கண்ணாடியில் தெரியும் மார்பையும் புஜத்தையும் நாள் தவறாமல் பயின்று, தெரியாத முதுகையும் தொடையையும் மறந்துவிடுவது வாலிபர்களின் வழக்கம். புஜம் பருக்க வேண்டும் என்று விரும்புபவர்கூட, மேற்கையின் சதையில் பெரும்பங்கு பின்புறத்து முத்தலைத் தசையே என்பதை நினைப்பதில்லை. வயிற்றுக்கான பயிற்சியால் வயிற்றுத் தசை உறுதிப்படுமேயொழிய, அதன் மேல் படிந்த கொழுப்பு அவ்விடத்தில் மட்டும் கரைந்துவிடாது.

பளுவைத் தூக்குவதைக் காட்டிலும் இறக்குவதில் கவனம் வேண்டும். இறக்கும்போது தசை இழுத்துக்கொண்டே நீளுகிறது. அந்நிலையில் அது தாங்கக்கூடிய விசை, தூக்கும்போது காட்டுவதைவிட அதிகம். இழைகளுக்கு நேரும் நுண்காயமும் அதிகம். புதிதாகப் பயிற்சி செய்தவருக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் உண்டாகும் வலி இதனால் நேர்வது. லாக்டிக் அமிலம் தேங்கியதால் வந்தது என்னும் பழைய விளக்கம் பொருந்தாது, அவ்வமிலம் ஓரிரு மணிநேரத்தில் அகன்றுவிடும். ஓய்வும் புரதம் நிறைந்த உணவும் கிடைத்தால் இழைகள் செப்பனிடப்படுகின்றன. 1961-இல் அலெக்சாண்டர் மௌரோ தவளையின் தசையில் கண்டறிந்த துணையணுக்கள், இப்பணியில் தம் கருக்களை இழைகளுக்கு வழங்கி உதவுகின்றன.

வயது ஏறஏறத் தசை க்ஷீணிப்பது இயற்கை. முதலில் தேய்வது விரைவு மிக்க இழைகளே என்பதுதான் அதிலுள்ள ஆபத்து. ஏனெனில், கால் இடறியவுடன் சட்டென்று மற்றொரு காலை முன்வைத்துத் தப்புவதற்கு அவ்விழைகளே வேண்டும். இத்தேய்வை மாற்ற முடியுமா என்பதைப் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் மரியா ஃபியாட்டரோனேயும் அவருடைய சகாக்களும் சோதித்துப் பார்த்தனர். சராசரி வயது 90 ஆன பத்துப் பேர், ஒருமுறை மட்டுமே தூக்க இயலும் எடையில் 80 சதவீதத்தை வைத்து, முழங்காலை நீட்டும் பயிற்சியை வாரம் மும்முறை வீதம் எட்டு வாரம் செய்யத் தொடங்கினர். 1990-இல் வெளியான முடிவின்படி, பயிற்சியை நிறைவு செய்த ஒன்பது பேரின் கால்பலம் சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. தொடைத் தசையின் பரப்பும் 9 சதவீதம் கூடியது. இருவர் கைத்தடியை விட்டனர். பயிற்சி நின்ற நான்கே வாரத்தில் பலம் மீண்டும் இறங்கத் தொடங்கியது என்பதும் அதே ஆய்வில் கண்டதுதான். கேட்ட வேலைக்குத் தக வளர்வதும் கேளாதபோது தேய்வதும் தசையின் சுபாவம். தொண்ணூறு வயதிலும் அச்சுபாவம் மாறுவதில்லை.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையிலேயே பார்பெல்லைத் தேட வேண்டியதில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுவது, சுவரில் கையூன்றித் தண்டால் எடுப்பது, தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை ஏந்துவது ஆகியவற்றில் தொடங்கி, எளிதாகிப்போனதும் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். பெரிய தசைகள் அனைத்தையும் வாரத்தில் இரண்டு நாளாவது உழைக்கச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிகள் கூறுகின்றன. மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. 1985-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார், பயில்வான்கள் கனத்த எடையை மூச்சடக்கிக் கால்களால் தள்ளியபோது, இரத்த அழுத்தம் சராசரியாக 320/250 வரை எழுந்ததை அளந்தறிந்தனர். உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

பெரியவர்களின் கையிலிருக்கும் காய்கறிப் பையை வாங்கிக்கொண்டு, "நீங்கள் ஏன் சிரமப்படுகிறீர்கள், உட்காருங்கள்" என்று சொல்வது நம் குடும்பங்களில் மரியாதையின் அடையாளமாக இருந்துவருகிறது. அன்பினால் செய்யும் இக்காரியம் அவர்களுடைய தசைக்குப் பெரும் அபகாரம். ஏந்தி நடக்க அவரால் முடிகிறவரையில் அந்தப் பையை அவரிடமே விட்டுவைப்பதும், முடிந்தால் அதில் இன்னும் ஒரு கிலோ சேர்த்துக் கொடுப்பதும், அவருக்கு நாம் செய்யக்கூடிய மேலான உபசாரமாகும்.