ஐஸ் பெட்டியில் அண்ணன்!

"என்ன தம்பி, ஐஸ்க்ரீமா?" ஓசூரில் பஸ் ஏறியதுமே, என் மடியில் இருந்த தெர்மோகோல் பெட்டியைப் பார்த்துக் கேட்டார் கண்டக்டர்.

"இல்லைங்க... எங்க அண்ணன்!" என்றேன். டிக்கெட் கிழித்த கை அப்படியே நின்றுவிட்டது.

பொய்யில்லை சார். உள்ளே இருந்தது அண்ணனின் தொடைச் சதையில் ஒரு துண்டு. கொண்டைக்கடலை அளவு.

ஜவளகிரியில் எங்களுக்குக் கேழ்வரகுக் கொல்லை. ராத்திரி யானை வந்தால் தகரம் தட்டிக்கொண்டு முதலில் ஓடுவது அண்ணன்தான். அப்பேர்ப்பட்ட மனுஷன், நாலே மாசத்தில் தரையிலிருந்து எழுந்திருக்கத் தொடையில் கை ஊன்ற ஆரம்பித்தார். "சதையை எடுத்துப் பார்த்தால்தான் என்ன வியாதின்னு தெரியும்" என்றார் டாக்டர்.

எடுத்தார்கள். ஆனால், இது இரண்டாவது தடவை! முதல் தடவை எடுத்த இடத்தில், வழக்கம்போல ஃபார்மலினில் போட்டு மூடிவிட்டார்கள். நானும் ஊறுகாய் ஜாடி மாதிரி பத்திரமாக பெங்களூருவுக்குத் தூக்கிப்போனேன். ஆய்வுக்கூடத்தில் பாட்டிலைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார்கள். ஃபார்மலின் பட்டால் சதையிலுள்ள என்ஸைம்கள் செத்துவிடுமாம். முக்கியமான சோதனைகள் பலிக்காது. அண்ணனுக்கு மறுபடி கத்தி!

அன்றைக்குக் கற்ற பாடம் இதுதான். சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சதையைச் சுற்ற வேண்டும். சொட்டச் சொட்ட இருக்கக் கூடாது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, சுற்றிலும் ஐஸ். ஐஸ் நேராகச் சதையில் படக் கூடாது. ஃப்ரீஸர் பக்கமே போகக் கூடாது. மெதுவாக உறைந்தால் உள்ளிருக்கும் தண்ணீர் ஊசி ஊசியாகி நாரைக் கிழித்துவிடும். ஆய்வுக்கூடத்தில் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனால் குளிரவைத்த ஐசோபென்டேனில் முக்கி, கண் சிமிட்டுவதற்குள் உறைய வைப்பார்கள்.

அதுவரை சில மணி நேரம்தான் கெடு. நரம்பு, தசை வியாதிகளுக்குப் பேர்போன நிம்ஹான்ஸ் இருப்பதே பெங்களூருவின் ஓசூர் ரோட்டில்தான். 'ஒரே ரோடுதானே, நேரே போய்விடலாம்' என்று நினைத்தீர்களானால், உங்களுக்கு சில்க் போர்டு ஜங்ஷனைத் தெரியாது! பஸ் அங்கே நின்ற நேரத்தில் எத்தனை தடவை பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன் என்று கண்டக்டரைக் கேளுங்கள்.

ரிசல்ட் வந்தது. தசை அழற்சி. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்தத் தசையைத் தாக்குகிற வியாதி. பரம்பரையாக வருகிற தசைச் சிதைவும் வெளிப் பார்வைக்கு இதே மாதிரி தெரியலாம். அதில் சில வகைகளை இப்போது ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்தே கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் குணமாக்குவது கஷ்டம். இது ஸ்டீராய்டு மாத்திரைக்குக் கேட்கும்!

உங்கள் வீட்டிலும் யாருக்காவது இப்படிச் சதை எடுக்க நேர்ந்தால், கத்தி வைக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: "எதில் போடுவீங்க? லேபுக்குச் சொல்லியாச்சா? நாளைக்கு லீவு இல்லையே?"

போன வாரம் கொல்லைக்கு யானை வந்தது. அண்ணன் எழுந்து தகரத்தை எடுத்தார். தொடையில் கை ஊன்றவில்லை.