முச்சந்தித் தேவியும் காக்காய் வலிப்பும்

பண்டைக் கிரேக்கர் வழிபட்ட தெய்வங்களுள் ஹெகாத்தே என்ற தேவியின் பெயரைச் சொன்னால், மேனாட்டார் பலருக்கும் உடனே நினைவுக்கு வருவது சூனியக்காரிகள்தான். 1606-ஆம் ஆண்டளவில் ஷேக்ஸ்பியர் எழுதிய 'மாக்பெத்' நாடகத்தில் அவள் சூனியக்காரிகளின் தலைவியாக வருகிறாள். அவளைக் கும்பிட்ட மக்களோ முதலில் அவளை அப்படி அறிந்திருக்கவில்லை.

கி.மு. 700 அளவில் ஹெசியோட் என்னும் புலவர் தெய்வங்களின் பிறப்பைப் பாடினார். தேவர் தலைவனாகிய சியூஸ் மற்றெல்லாரையும்விட ஹெகாத்தேயைக் கனம்பண்ணினான் என்றும், மண்ணிலும் கடலிலும் வானிலும் அவளுக்குப் பங்கு உண்டென்றும் அவர் சொல்கிறார். வலை வீசுகிறவனுக்கு மீன் கொடுப்பவள் அவள். நினைத்தால் கண்ணிற்பட்ட மீனையும் எடுத்துக்கொள்வாள். மந்தை பெருகுவதும் பிள்ளைகள் வளர்வதும் அவள் அருளால். சூனியம் என்ற பேச்சே அங்கு இல்லை.

மற்றொரு பழைய துதியில், பாதாள அரசன் பெர்சிஃபோனியைத் தூக்கிச் சென்றபோது அப்பெண்ணின் அலறலைக் குகைக்குள்ளிருந்து கேட்டவள் இவள். ஒன்பது நாள் மகளைத் தேடி அலைந்த தாய் டிமீட்டரிடம் பத்தாம் நாள் கையில் விளக்குடன் வந்து, தான் கேட்டதைச் சொன்னவளும் இவளே.

ஏதென்ஸ் நகரில் வீட்டு வாசல்களிலும் முச்சந்திகளிலும் அவளுக்குச் சிறு கோயில்கள் இருந்தன. மூன்று உருவங்களை ஒன்றாய் ஒட்டி அவளுக்கு முதலில் சிலை வடித்தவன் அல்காமெனீஸ் என்ற சிற்பி. மூன்று பாதைகளையும் ஒரே நேரத்தில் பார்க்கும் காவல் அது. மாத முடிவில், நிலவில்லாத இரவில், முச்சந்தியில் படையல் வைப்பார்கள். பணக்காரர் அனுப்பும் சோற்றைக் கீழே வைக்குமுன்பே ஏழைகள் பறித்துக்கொள்கிறார்கள் என்று கி.மு. 388-ல் அரங்கேறிய நாடகமொன்றில் அரிஸ்டோஃபனீஸ் வேடிக்கையாகச் சொல்கிறார். அந்நாளைய அன்னதானம் என்றே இதைச் சொல்லலாம்.

இன்றைய துருக்கியின் தென்மேற்கில் லகீனா என்னுமிடத்தில் அவளுக்குப் பெருங்கோயில் இருந்தது. அங்கே அவளுடைய சாவியை ஏந்தி ஊர்வலம் செல்வது முக்கியமான திருவிழா. வாசலுக்குக் காவல் என்றால் சாவியும் அவள் கையில்தானே!

ஆனால் இருட்டு, முச்சந்தி, ஊளையிடும் நாய், அமைதியில்லாத இறந்தோர் ஆவி எல்லாம் அவள் பேரோடு சேர்ந்துகொண்டன. காவல் வேண்டிய இடங்களெல்லாம் பயமுள்ள இடங்கள். காவல்காரியையே கண்டு பயப்படும் நாளும் வந்தது. அந்தப் பயத்தை வைத்துப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். காக்காய் வலிப்பைக் கிரேக்கர் 'புனித நோய்' என்றனர். நோயாளி குதிரைபோலக் கத்தினால் கடல்தேவன் பொசைடனின் வேலை. நுரை தள்ளிக் காலை உதைத்தால் போர்த்தேவன் ஏரீஸ். இரவில் பயந்து படுக்கையை விட்டுத் துள்ளி வெளியே ஓடினால் ஹெகாத்தே பிடித்துவிட்டாள் என்று மந்திரவாதிகள் சொன்னார்கள். குளிக்காதே, கறுப்பு உடுத்தாதே, ஆட்டுத்தோலில் படுக்காதே என்று விலக்குகள் வேறு.

கி.மு. 400 அளவில், ஹிப்போகிராட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களுள் ஒன்றான 'புனித நோய்' இதை நேருக்குநேர் மறுத்தது. மற்ற நோய்களைவிட இதில் தனிப்புனிதம் ஒன்றுமில்லை, இது மூளையில் உண்டாவது என்றார் அதை எழுதிய வைத்தியர். ஆட்டுத்தோலால் நோய் வருமென்றால் அதையே உடுத்திக் கிடக்கும் லிபிய நாட்டார் ஒருவர்கூட நலமாக இருக்கமுடியாதே என்று கேட்டார். இதே நோய் கண்ட ஆட்டின் மண்டையைத் திறந்து பாருங்கள், மூளை நீர் கோத்து நாறும், தெய்வக்குற்றமா நோயா என்று தெரியும் என்றார். சளி இறங்கி இரத்தக் குழாய்களை அடைக்கிறது என்ற அவருடைய விளக்கம் பிழைதான். ஆனால் இடத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். மூளையின் மின் அலைகளை மனிதரிடம் பதிவுசெய்து ஹான்ஸ் பெர்கர் 1929-ல் வெளியிடும்வரை அதைக் கண்ணால் காண வழியில்லை.

அந்த வைத்தியர் நாத்திகர் அல்லர் என்பதுதான் கவனிக்க வேண்டியது. தெய்வம் மனித உடலைத் தீட்டுப்படுத்தாது, தீட்டிருந்தால் போக்கவே செய்யும் என்றார். நோயாளியின் மேல் விழுந்த பழியையும் ஹெகாத்தேயின் மேல் விழுந்த பழியையும் அவர் ஒரே வாதத்தால் நீக்கிவிட்டார்.

இன்று உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் உண்டு. ஒழுங்காக மருந்து எடுத்தால் பெரும்பாலோர் வலிப்பின்றி வாழலாம். ஆயினும் தமிழர் வீடுகளில் கலியாணம் பேசும்போது இதை மறைப்பதும், வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் இன்னும் நின்றபாடில்லை. சாவியால் வலிப்பு நிற்பதில்லை. ஓரிரு நிமிடங்களில் அது தானே நிற்பதால் சாவிக்குப் பேர் கிடைக்கிறது. வாயில் எதையும் வைக்காமல், கைகாலை அமுக்கிப் பிடிக்காமல், வலிப்பு அடங்கியதும் நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடவேண்டும்.